ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு நிதியை எப்படிச் செலவழிப்பது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் இயங்கும் ஓர் ஊர்ச் சங்கத்தின், அதாவது தாயகத்தில் ஒரே ஊரிலிருந்து வந்தவர்களின் சங்கத்தின், நிருவாகசபையில் இருக்கிறீர்கள். இந்த வருட இராப்போசன விருந்தில் இளையோர் விளையாட்டுக்கென்று 9,000 டொலர் சேர்ந்திருக்கிறது. சபையில் பாதிப் பேர் கோடையில் ஒரு சுற்றுப்போட்டி வைத்து வெற்றிக்கிண்ணம் கொடுப்போம் என்கிறார்கள். மற்றவர்கள் வசதி குறைந்த பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டுவோம் என்கிறார்கள். பெண் பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் வரவேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கருத்து, ஆனால் எப்படி என்று யாருக்கும் தெளிவில்லை. காசு தந்தவர்கள் நன்கொடைக்கு வரிச்சலுகை பெற உதவும் வரிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு விளங்கியவரை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இப்போது விளையாட வராமல் வீட்டில் இருக்கிற பிள்ளையை, இந்தச் சிறு தொகையை வைத்து எப்படி வரப்பண்ணுவது?

நான் ரொறன்ரோவில் நீண்ட காலம் பிள்ளைகளுக்கான விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் வேலை செய்தவன். உதவித்தொகை விண்ணப்பங்களைப் படித்து முடிவெடுக்கும் குழுவொன்றிலும் தொண்டராகப் பல வருடம் இருந்திருக்கிறேன். சட்டத்தரணியோ கணக்காளரோ அல்ல, அதனால் வரி பற்றிய பகுதியை ஓர் அறநிறுவனக் கணக்காளரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றவற்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கட்டணம் கட்டும் யோசனையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் நல்ல மனத்தோடு காசு வீணாகிறது. ரொறன்ரோ நகராட்சிக்கு வெல்கம் பொலிசி என்றொரு திட்டம் இருக்கிறது. நகருக்குள் வசிக்கும் குடும்பத்தின் வருமானம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால், நகராட்சி நடத்தும் நீச்சல், பனிக்கட்டிச் சறுக்கல், உடற்பயிற்சி வகுப்புகளுக்கு ஒரு வரம்புக்குள் கட்டணம் கட்டாமல் சேரலாம். அது தவிர, வருமானம் குறைந்த பகுதிகளிலுள்ள சில சமூக மையங்களில் நிகழ்ச்சிகள் எல்லோருக்குமே இலவசம். ஸ்காபரோவிலும் அப்படிப்பட்ட மையங்கள் உண்டு. பிரம்டன், மார்க்கம் போன்ற நகராட்சிகளும் தங்களுக்கென்று உதவித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. நகராட்சி ஏற்கனவே கட்டத் தயாராக இருக்கும் ஒரு கட்டணத்தை உங்கள் சங்கம் கட்டினால், அந்தப் பிள்ளைக்கு அதனால் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் 9,000 டொலரில் ஒரு பகுதி காணாமல் போனதுதான் மிச்சம்.

அப்படியானால் ஏன் இத்தனை குடும்பங்கள் அந்தத் திட்டத்தைப் பயன்படுத்தவில்லை? பலருக்குத் திட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் பதிவு நாள் காலையில் தோற்றுப்போகிறார்கள். அதை நேரில் பார்த்திராத சபையினருக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் பகுதிவாரியாக ஒரு நாள் அறிவிப்பார்கள். காலை 7 மணிக்கு இணையப் பதிவு திறக்கும். நீச்சல் வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். இணையக் கணக்கின் விபரம், சேரவேண்டிய வகுப்பின் குறியீடு, அது கிடைக்காவிட்டால் அடுத்ததன் குறியீடு எல்லாம் கையில் ஆயத்தமாக இருக்க வேண்டும். இரவு வேலை முடித்து அப்போதுதான் வீடு திரும்பிய ஓர் அம்மா, கைபேசியின் சிறிய திரையில், ஆங்கிலத்தில், இத்தனையையும் தேடி முடிக்கும்போது மணி ஏழு இருபது. வகுப்பு நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் போடலாம் என்று திரை சொல்கிறது. வெல்கம் பொலிசி அனுமதியோ அதற்கு முன்னதாகவே வந்திருக்க வேண்டும், அதற்கும் வாரக்கணக்கில் எடுக்கும். ஆக, அந்தக் குடும்பத்துக்கு உரிமை இருந்தும் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

உங்கள் சங்கம் செலவே இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான். பதிவு நாளுக்கு ஆறேழு வாரங்களுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை, நூலகத்திலோ கோவில் மண்டபத்திலோ கணினிகளோடு இரண்டு மூன்று இளையவர்களை இருத்துங்கள். பெற்றோருக்குக் கணக்குத் திறந்து, விண்ணப்பம் நிரப்பி, எந்த வகுப்பு வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்று பார்த்துக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பதிவு நாள் காலையில் அதே இளையவர்கள் தொலைபேசியில் துணை நிற்கட்டும். உயர்தரப் பாடசாலை மாணவர்கள் பட்டம் பெற 40 மணிநேரச் சமூகத் தொண்டு செய்ய வேண்டுமே, அவர்களுக்கும் இது நல்ல வேலை. ஒரு டொலரும் செலவில்லாமல், கணிசமான பெறுமதியுள்ள வகுப்புகள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

நகராட்சித் திட்டம் நகராட்சி வகுப்புகளுக்கு மட்டும்தான். பிள்ளை உதைபந்தாட்டக் கழகத்திலோ துடுப்பாட்ட அணியிலோ ஹொக்கியிலோ சேர விரும்பினால் வேறு கதவைத் தட்ட வேண்டும். கனேடியன் ரயர் நிறுவனம் 2005இல் தொடங்கிய ஜம்ப்ஸ்டார்ட் அறநிறுவனம் 4 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணத்துக்கும் உபகரணங்களுக்கும் உதவுகிறது. 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கிய கிட்ஸ்போர்ட் அமைப்பும் அப்படித்தான், அது உள்ளூர்க் கிளைகள் வழியாக இயங்குகிறது. இரண்டிலும் நீங்கள் படித்துக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பெற்றோரின் கையில் காசு போவதில்லை. பிள்ளை சேரும் கழகத்துக்கே நேராகப் போகிறது. பெற்றோர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டைக் காட்டி மீளப் பெற வேண்டியதில்லை.

இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கனடா நாடளாவிய அளவில் ஒருமுறை பார்த்துவிட்டது. 2007இல் மத்திய அரசு பிள்ளைகளின் உடற்பயிற்சிச் செலவுக்கு ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தது. 500 டொலர்வரை செலவைக் காட்டலாம், அதில் 15 வீதம், அதாவது ஆகக்கூடியது 75 டொலர், வரியில் குறையும். ஆரம்பத்தில் வரி கட்டுமளவுக்கு வருமானம் உள்ளவர்களுக்குத்தான் அதில் பயன். அவர்களும் செப்டெம்பரில் கட்டணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். வசதியான குடும்பங்களே அதை அதிகம் அறிந்தும் அதிகம் எடுத்தும் இருக்கின்றன என்று ஆய்வுகள் காட்டின. 2015இல் வரி கட்டாதோருக்கும் கிடைக்கும்படி மாற்றினார்கள், 2017இல் சலுகையே இல்லாமல் போனது. உங்கள் சபையில் யாராவது "பெற்றோர் கட்டட்டும், நாங்கள் பிறகு பாதியைக் கொடுப்போம்" என்று சொன்னால், அந்தப் பாதி யாருக்குப் போய்ச் சேரும் என்பதற்கு இது போதிய சாட்சி.

அடுத்தது நமக்குள்ளேயே வெளிப்படையாகப் பேசவேண்டிய விடயம். ஓர் ஊர்ச் சங்கம் உதவி கொடுக்கும்போது கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே கலியாண வீட்டில் சந்திக்கிறவர்கள். சங்கத்தின் பொருளாளரிடம் தன் வருமானவரி மதிப்பீட்டுக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்ட எந்தத் தகப்பன் முன்வருவான்? நகராட்சியின் அலுவலரிடம் காட்டுவது வேறு, மாமியாரின் ஒன்றுவிட்ட சகோதரரிடம் காட்டுவது வேறு. "விண்ணப்பம் கோரினோம், ஒருவரும் வரவில்லை, அப்போ இங்கே தேவை இல்லை" என்று சங்கங்கள் முடிவுக்கு வந்ததைக் கேட்டிருக்கிறேன். தேவை இல்லாமல் இல்லை, வெட்கத்தில் வரவில்லை.

அதனால் வருமானச் சான்று கேட்காதீர்கள். பிள்ளையை அன்றாடம் பார்க்கிற ஒருவரின் பரிந்துரை போதும் என்று வையுங்கள். வகுப்பாசிரியர், கழகப் பயிற்றுநர், பாடசாலையில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளர், குடும்ப மருத்துவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் ஒரு பக்கக் கடிதத்தில் பிள்ளையின் வயது, விளையாட்டு, என்ன தடை என்று எழுதினால், சபை பார்ப்பது பிள்ளையின் பெயருக்குப் பதிலாக இட்ட ஓர் இலக்கத்தை மட்டும். பெயரை இரண்டே பேர் அறிந்தால் போதும், அவர்களில் ஒருவராவது உங்கள் ஊரைச் சேராதவராக இருப்பது நல்லது. யாராவது பொய் சொல்லி வாங்கிவிடுவார்களே என்று கேட்பார்கள். ஒரு சிலர் வாங்கக்கூடும். நான் பார்த்தவரை அது மிகக் குறைவு. அதைத் தடுக்கப் போட்ட படிவங்களால் தேவையுள்ளவர்கள் விலகிப்போனது அதைவிடப் பலமடங்கு. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ள, இன்னும் எந்த வரிக் கடிதமும் கைக்கு வராத குடும்பங்களுக்கும் இந்த முறைதான் வழி திறக்கும்.

மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்றால், அந்தப் படம் முகநூலில் வந்த மறுநாள் அவள் பயிற்சிக்குப் போகமாட்டாள். நிதி தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் எத்தனை பிள்ளைகள், என்ன விளையாட்டு, எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் கொடுக்கலாம்.

அப்புறம், "எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்ற நிபந்தனை. அது உங்கள் சங்கத்தின் யாப்பு விதிகளில் இருந்தால் மாற்றும்படி மன்றாடிக் கேட்பேன். ஊரில் சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் ஒரு தலைமுறையையே வளர்த்துவிட்டன, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கழகத்தின் மைதானத்தில் யார் இறங்கலாம் என்பதில் சாதி இருந்ததும் உண்மை. ஊர்ப் பட்டியலை வைத்து இங்கே உதவி கொடுத்தால், அந்தப் பழைய எல்லைக்கோடுகள் நாம் நினைக்காமலே கூட வந்துவிடும். வடிகால் இல்லாத அந்த மனக்கசப்பு கனடாவில் பிறந்த பிள்ளைகள்வரை இறங்கத் தேவையில்லை. ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், மோர்ணிங்சைட்டோ மல்வேர்னோ. அங்கே வசிக்கிற எந்தப் பிள்ளைக்கும் என்று வையுங்கள். தமிழ்ப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுச் சோமாலியப் பிள்ளையோடு சேர்ந்து பயிற்சிக்குப் போக வழி இருந்தால், இரண்டு பேருமே தொடர்ந்து போவார்கள்.

சரி, கட்டணத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டால் உங்கள் காசை எதற்குச் செலவழிப்பது? என் பதில்: பயணம், உடுப்பு, உபகரணம், கூடப்போகும் ஆள். பெரிய திட்டங்கள் தயங்கி நிற்கிற இடங்கள் இவைதான், சிறிய சங்கம் வேகமாகச் செயற்படக்கூடியதும் இங்கேதான். பயணத்தை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் பேருந்தில் 12 வயதுவரை இலவசம். பதின்மூன்றாவது பிறந்தநாளிலிருந்து இளையோர் கட்டணம் கட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி, போக வர என்று கணக்குப் பாருங்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் இன்னும் கூடும். ஸ்காபரோவில் 2023 யூலையில் ஆர்.ரி. என்ற நகர ரயில் தடம்புரண்டு, பிறகு அந்தப் பாதையே நிரந்தரமாக மூடப்பட்டதிலிருந்து பலருக்கு எல்லாமே பேருந்து மாறி மாறிப் போகும் பயணம்தான். சனவரி மாலையில், இருட்டில், பனியில், பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டும். கட்டணம் சில டொலர்தான் என்றாலும், அந்த நேரத்தில் மகளைத் தனியே அனுப்ப வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து விலகுவதும் இந்தப் பதின்ம வயதில்தான். கனேடியன் விமன் அன்ட் ஸ்போர்ட் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விளையாட்டில் இருந்த பெண் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் பதின்ம வயது முடிவதற்குள் விட்டுவிடுகிறார். ஆண் பிள்ளைகளில் பத்தில் ஒருவர்தான் விடுகிறார். காரணங்கள் பல: உடலைப் பற்றிய கூச்சம், திறமை போதாது என்ற எண்ணம், பாதுகாப்பு. நம் வீடுகளில் டியூஷனும் வயலினும் பரதநாட்டிய அரங்கேற்றமும் நேரத்துக்குப் போட்டி போடுகின்றன, அண்ணனுக்கு இல்லாத வீட்டு வேலையும் இருக்கிறது. இதில் காசால் தீரக்கூடியது ஒரு பகுதிதான், ஆனால் அந்தப் பகுதி தெளிவானது. நாலைந்து பெண் பிள்ளைகளை ஒரே வகுப்பில், ஒரே நேரத்தில் சேருங்கள். இரண்டு பெண் தொண்டர்கள் அவர்களை வாகனத்தில் கூட்டிப்போய்க் கூட்டிவர எரிபொருளுக்குக் கொடுங்கள். விளையாட்டு உள்ளாடையும் முழுக்கை நீச்சல் உடுப்பும் வாங்க, கேள்வி கேட்காமல் ஒரு பரிசு அட்டை கொடுங்கள். இவை இரண்டும் இல்லாததால் நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கு யாரும் கட்டணச் சலுகை மறுக்கவில்லை. துணையில்லாமல் தனியே போனவளைவிட, நான்கு பேராகப் போனவர்கள் கூடுதல் காலம் நின்றார்கள். இது என் அவதானம், ஆய்வு முடிவு என்று சொல்லவில்லை.

உபகரணத்துக்கு ஓர் அலுமாரி போதும். பிள்ளையின் கால் வருடாவருடம் வளர்கிறது, சறுக்கல் சப்பாத்து ஒரு பருவத்தோடு சிறுத்துவிடும். சிறுத்ததைத் திருப்பி வாங்கி, அடியிலுள்ள கத்தியைத் தீட்டி, அளவை வெள்ளை நாடாவில் எழுதி ஒட்டி, அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். தலைக்கவசத்தை மட்டும் இப்படிச் சுற்றவிட வேண்டாம். உள்ளே வெடித்திருப்பது வெளியே தெரியாது, காலாவதியும் உண்டு. கனடாவின் சி.எஸ்.ஏ. தர முத்திரை உள்ளதாகப் புதிதாகவே வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் உங்கள் நிதி மிக அதிகம் மாற்றத்தைச் செய்யக்கூடிய இடம் அது என்று நினைக்கிறேன். ஓட்டிசம் உள்ள ஒரு பத்து வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை, தடாகமும் பக்கத்தில் இருக்கிறது. உடுப்பு மாற்றும் அறையின் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிடுகிறான். மற்றப் பெற்றோர் பார்க்கிறார்கள். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், பிறகு வருவதில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தேவையானது, பத்து நிமிடம் முன்பே வந்து தனி அறையைத் திறந்து வைத்து, தண்ணீரில் அவன் பக்கத்தில் நிற்கிற ஒருவர். ரொறன்ரோ நகராட்சியிடம் முன்கூட்டியே கேட்டால் ஒருவருக்கு ஒருவர் என்ற துணை ஒழுங்கு செய்ய முயல்வார்கள், ஆனால் ஆள் கிடைப்பது நிச்சயமில்லை. பயிற்சி பெற்ற ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு மணிக்கூலி கொடுத்து அந்த இடத்தை நிரப்புவதற்கு உங்கள் காசு பொருத்தமானது. ஒரு பருவம் முழுக்க ஒரே ஆள் வரவேண்டும், அது முக்கியம். ஸ்காபரோவிலேயே டான்ஃபோர்த் வீதியில் வரைட்டி வில்லேஜ் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒன்றாக விளையாடுவதற்கென்றே 1981இலிருந்து இயங்கும் விளையாட்டு மையம் அது. உங்கள் சபையினர் ஒரு மாலை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால், இந்தப் பகுதிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற வாதம் தானாகவே முடியும்.

எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் எதைத் தெரிவீர்கள் என்று கேட்டால், நீச்சல் என்பேன். பல பெற்றோர் கடலும் குளமும் பார்த்து வளர்ந்தும் நீந்தப் பழகாதவர்கள். பிள்ளைகள் கோடையில் ஏரிக்கரை விடுமுறை வீடுகளுக்குப் போகிறார்கள். லைஃப்சேவிங் சொசைட்டி வகுத்த ஸ்விம் ரு சர்வைவ் என்ற அளவுகோல் எளிமையானது: ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழுவது, ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதந்து நிற்பது, 50 மீற்றர் நீந்துவது. இந்த மூன்றையும் உங்கள் பகுதியில் எத்தனை பிள்ளைகள் செய்கிறார்கள் என்பதைச் சங்கத்தின் குறிக்கோளாகவே வைக்கலாம். தாய்மாருக்கும் சேர்த்தால் இன்னும் நல்லது. பெண்களுக்கு மட்டுமான நீச்சல் நேரங்கள் நகராட்சித் தடாகங்கள் சிலவற்றில் உண்டு.

சுற்றுப்போட்டியை நான் எதிர்க்கவில்லை. கரப்பந்தாட்டம், அதன் ஊர்ப் பாணியான ஓவர் கேம், மென்பந்துத் துடுப்பாட்டம் என்று கோடையில் பூங்காக்கள் நிறைவது எனக்கும் பிடிக்கும், ஊரவர் ஒன்றுகூட அது வேண்டும். ஆனால் அங்கே வருவது ஏற்கனவே விளையாடுகிறவர்கள். மைதான அனுமதி, கிண்ணம், மேற்சட்டை, சாப்பாடு என்று உங்கள் 9,000 டொலரில் பெரும்பகுதி ஒரே நாளில் முடிந்துவிடும். போட்டியை வையுங்கள், அதன் செலவை வர்த்தக விளம்பரதாரர்களிடம் எடுங்கள். பதாகையில் பெயர் வருவதற்கு அவர்கள் சந்தோசமாகத் தருவார்கள். ஒரு பிள்ளையின் பேருந்துக் காசுக்கு அவர்கள் தருவது கடினம், அதனால் விருந்தில் சேர்ந்த காசை அதற்கு வைத்திருங்கள்.

சொந்தமாக வாராந்தப் பயிற்சி நடத்த நினைத்தால் சில விடயங்களில் சமரசமே கூடாது. பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்தை எடுக்கப் பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள், வழமையாக 2 மில்லியன் டொலருக்கு. ரொறன்ரோ பொதுப் பாடசாலைச் சபை சில முன்னுரிமைப் பாடசாலைகளில் இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு இடத்தை இலவசமாகவே தருகிறது, அதை முதலில் விசாரியுங்கள். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு பெரியவருக்கும் பொலிஸ் சரிபார்ப்பு வேண்டும், பாதிக்கப்படக்கூடியோருடன் பழகுவோருக்கான அந்த விசேட வகை. "எங்கட ஆள்தானே" என்று யாரையும் விடாதீர்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே இருக்காமல் எப்போதும் இரண்டு பேர் இருப்பது பயிற்றுநர் உலகில் இப்போது பொதுவிதி, வாகனத்தில் கூட்டிப்போவதற்கும் அது பொருந்தும். ரக்பி விளையாடித் தலையில் அடிபட்டு 2013இல் இறந்த 17 வயது ரோவன் ஸ்ரிங்கரின் பெயரில் ஒன்ராறியோவில் 2018இல் இயற்றிய சட்டம், தலைக்காயம் பற்றிய தகவலை விளையாடுபவர்களும் பெற்றோரும் வருடாவருடம் படித்து உறுதிப்படுத்தக் கேட்கிறது. அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே எடுக்கும் நடைமுறையும் எழுத்தில் இருக்கவேண்டும். இவ்வளவும் பாரமாகத் தெரிந்தால், ஏற்கனவே இவற்றைச் செய்துவரும் கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்புவதே மேல். முதல் வருடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வரிப் பற்றுச்சீட்டு விடயத்தில் பலர் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். கனடாவில் விளையாட்டை வளர்ப்பது மட்டும் சட்டப்படி அறநோக்கமாகக் கருதப்படுவதில்லை. ஒன்ராறியோவைச் சேர்ந்த ஓர் இளையோர் உதைபந்தாட்டச் சங்கம் உச்சநீதிமன்றம்வரை போய், 2007இல் தோற்றது. நாடு முழுவதற்குமான அமெச்சூர் விளையாட்டு அமைப்புகளுக்கு ஒரு தனிப் பதிவு உண்டு, ஒரு மாகாணத்துக்குள் இயங்கும் கழகத்துக்கு அது கிடைக்காது. அதனால் பதிவுபெற்ற அறநிறுவனமாக இல்லாத உங்கள் சங்கம் பற்றுச்சீட்டு எழுதவே கூடாது. விளையாட்டை வேறோர் அறநோக்கத்துக்கான வழியாகப் பயன்படுத்தும் அறநிறுவனங்கள் இருக்கின்றன, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவது, வறுமையைத் தணிப்பது போன்றவை. அப்படி ஒன்றோடு கூட்டுச் சேரலாம். 2022இல் சட்டம் மாறிய பிறகு அவர்கள் பதிவில்லாத அமைப்புக்கும் மானியம் கொடுக்கலாம், ஆனால் நோக்கமும் கணக்கும் எழுத்தில் இறுக்கமாக இருக்கவேண்டும். "எங்கள் காசை உங்கள் பெயரில் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டு எங்களிடமே தாருங்கள்" என்ற ஒழுங்கு மட்டும் வேண்டாம், அது அந்த நிறுவனத்தின் பதிவுக்கே ஆபத்து. பற்றுச்சீட்டுத்தான் வேண்டும் என்பவர்களை ஜம்ப்ஸ்டார்ட்டுக்கு நேரே கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் ஒழுங்காக நடத்திக் கணக்கு வைத்திருந்தால் மாகாண அரசின் மானிய அமைப்பான ஒன்ராறியோ ட்ரில்லியம் ஃபவுண்டேஷன் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இளையோரே முன்னின்று நடத்தும் சிறு குழுக்களுக்கென்று ஒரு தனி நிதியையும் அது நிருவகிக்கிறது. ஸ்காபரோவின் ஸ்ரெய்ன்ஸ் வீதியில் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு 2021இல் மத்திய, மாகாண அரசுகள் 26.3 மில்லியன் டொலர் அறிவித்தன. கட்டடங்களுக்குப் பெரிய காசு வரும். அங்கே யாருடைய பிள்ளை வந்து சேரும் என்பதை உங்களைப் போன்ற சங்கங்கள்தான் பார்க்கவேண்டும்.

இந்த உதவியால் பிள்ளைகள் ஐந்து வருடம் கழித்தும் விளையாடுவார்களா என்பதற்கு உத்தரவாதம் தரமுடியாது. ஒரு பருவம் காசு கொடுத்து அடுத்த பருவம் நிறுத்தினால், தொடங்காமல் இருந்ததைவிடப் பிள்ளைக்கு அதிக ஏமாற்றம். அதனால் 9,000 டொலரையும் முதல் வருடத்தில் முடிக்காதீர்கள். குறைந்த பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒதுக்குங்கள். நாலில் ஒரு பங்கைக் கைவைக்காமல் வையுங்கள், பருவத்தின் நடுவில் வேலை போகிற குடும்பம் எப்போதும் ஒன்று இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வராதவர்களின் வீட்டுக்கு ஒருவர் தொலைபேசி எடுத்து ஏன் என்று கேட்கட்டும். அடுத்த வருட வரவுசெலவை அந்தப் பதில்களை வைத்துப் போடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாதிரி வரைந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.